ஒற்றைக்கால்காரன் நல்லவனாக வரும் காமிக்ஸ்

புதிய காமிக்ஸ் தொகுப்புகளுக்கு மதிப்புரை எழுதுவது இப்போது என் வேலைகளில் ஒன்று. கெட்டி அட்டையும் வழவழப்பான தாளுமாக வீட்டுக்கு வந்து இறங்கும். எல்லோரும் அட்டையில் முகத்தைப் பார்ப்பார்கள். நான் கால்களைப் பார்ப்பேன். பாதம் வரையத் தெரியாமல் புல்லைப் போட்டு மறைக்கிற ஓவியர்களை நான் விட்டுவைப்பதில்லை. சிலர் அதனால் என்னோடு பேசுவதில்லை, பேசாவிட்டால் போகட்டும். இந்தப் பழக்கம் என் அண்ணனால் வந்தது.

அப்போது நான் தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு புத்தகக் கடையில் வேலை பார்த்தேன். காமிக்ஸ் கட்டு வந்தால் பிரித்து முதலில் நானே படித்துவிடுவேன். எதை வாங்கலாம், எது வெறும் அட்டைப்பட ஜம்பம் என்று வருகிறவர்களிடம் பட்டென்று சொல்லிவிடுவேன். ஊருக்குப் போகும்போது அண்ணனுக்கும் ஒன்று. அவருக்கு எழுத்து தெரியாது. படத்தைப் பார்ப்பார், கதையை நான் சொல்வேன்.

ஆட்சி மாறி எங்கள் தெருக் கம்பத்தில் கறுப்பு சிவப்புக் கொடி ஏறியிருந்தது. கூலி நெல்லுக்கான அடிதடி மட்டும் நிற்கவில்லை. அந்த அறுவடையில் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட அண்ணனின் காலை மிராசுதாரின் ஆட்கள் உலக்கையால் அடித்து நொறுக்கினார்கள். வெளியே கொண்டுபோனால் மறுபடி அடிப்பார்களோ என்ற பயத்தில் வீட்டிலேயே பச்சிலை வைத்துக் கட்டினோம். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது கால் அழுகிவிட்டிருந்தது.

"முழங்காலோட எடுத்தாகணும். தள்ளிப்போட்டா உயிர் போயிடும். அவரு சம்மதிக்காம நான் கத்திய எடுக்க முடியாது. எப்படியாவது சொல்லிப் பாருங்க" என்றார் டாக்டரம்மா.

அண்ணன் முடியாது என்றார். எனக்குத் தெரிந்த ஒரே வழி காமிக்ஸ்தான். புதிதாக வந்திருந்த கடல் கொள்ளைக் கதையைக் கொண்டுபோனேன். அதில் கட்டைக்கால் வைத்த ஒருவன் கப்பலையே ஆட்டிவைப்பான்.

"இந்த மாசம் வந்ததுல இதுதாண்ணே முதல் தரம்."

அண்ணன் படத்தைப் பார்த்தார். "ஒத்தக்கால்காரனா? கெட்டவன். கடைசில சாவான்."

"எப்படிண்ணே சொல்ற?"

"நீ சொன்ன கதையில எல்லாம் அப்படித்தானடா."

உண்மைதான். கடையில் இருந்த அத்தனை காமிக்ஸையும் புரட்டினேன். கால் இழந்தவன் எல்லாவற்றிலும் வில்லன், இல்லாவிட்டால் பிச்சைக்காரன். பட்டுக்கோட்டைக்கு ஓடினேன், அங்கும் இல்லை. நாகூர் தர்கா தெருவில் பழைய புத்தகம் விற்ற பாயிடம் நின்றபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒற்றைக்கால்காரன் நல்லவனாக வரும் கதை வேண்டும் என்றேன். அவர் ஒரு கட்டுக்கு அடியிலிருந்து உருவிக் கொடுத்தார். கலங்கரை விளக்கத்தைக் காக்கும் ஒற்றைக்கால்காரர். புயலில் கப்பலைக் காப்பாற்றுகிறார், கடைசிவரை உயிரோடு இருக்கிறார். பஸ்ஸில் அந்தப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தேன்.

அண்ணன் முழுக் கதையையும் கேட்டார். கடைசிப் படத்தில் விரலை வைத்தார்.

"நல்ல ஆளுதான். இவன் சேத்துல எறங்குவானா?"

"வெளக்குக்குள்ள ஏதுண்ணே சேறு?"

"அதான். கட்டக்கால ஊனுனா வயல்ல அமுங்கிடும்டா. நடவுக்கும் ஆவாது, அறுப்புக்கும் ஆவாது. எனக்கு வேற என்ன வேல தெரியும்?"

நான் சோறு போடுவேன் என்றேன். அவருடைய நல்ல காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். அவர் என் தலையைத் தடவினார், சரி என்று மட்டும் சொல்லவில்லை. மறுநாள் ஜுரத்தில் நினைவு தப்பியது. அவருக்காக நான் சம்மதம் சொன்னேன். இனி எடுத்தும் பயனில்லை என்றார் டாக்டரம்மா. அன்று சாயங்காலமே அண்ணன் போய்விட்டார்.

இன்று மேசையில் இருக்கும் தொகுப்பிலும் ஒரு ஒற்றைக்கால்காரர் வருகிறார். தங்கமான மனிதர், கதையே அவருடையதுதான். ஓவியம் அருமை, யோசிக்காமல் வாங்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பக்கம் பக்கமாக அவர் காலடியைப் பார்த்தேன். எல்லாம் கெட்டித் தரை. இதையும் அண்ணனிடம் கொண்டுபோயிருக்க முடியாது.