நாளுக்கு ஒரு சேதி

ஆம்பூரில் என் அம்மா வேலை செய்த தோல் பதனிடும் கிடங்கில், மத்தியான மணி அடித்ததும் முதலில் பேப்பரைத்தான் பிரிப்பார்கள். அதற்கப்புறம்தான் சோற்றுத் தூக்கு. புங்கமர நிழலில் ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமும் உட்கார்ந்து களியை உருட்ட, நடுவில் ஒரு கவிழ்த்த கூடையின் மேல் உட்கார்ந்து ஆரோக்கியசாமி படிப்பார். அந்தக் குரலை நினைத்தால் இன்றும் எனக்கு ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரின் துவர்ப்பு வாசனை சேர்ந்தே வருகிறது.

அவருக்கு அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். சுண்ணாம்பில் ஊறிய தோலிலிருந்து மயிர் வழிப்பது அவர் தொழில். பன்னிரண்டு வருஷத்தில் சுண்ணாம்பு விரல்களைத் தின்றுவிட்டது. கத்தி பிடிக்க முடியாமல் போனபோது, வேலைக்காரர்களே கூடிப் பேசி அவரை விடாமல் வைத்துக்கொண்டார்கள். மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்தவர் அந்தக் கிடங்கில் அவர் ஒருவர்தான். கதவைப் பார்த்துக்கொள்வது, முற்றம் பெருக்குவது, மத்தியானம் பேப்பர் படிப்பது. வாரக் கூலியில் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து அவருக்குக் கொடுத்தார்கள். அதுதான் அவர் குடும்பத்தின் சோறு.

படிப்பில் அவருக்கு ஒரு வெறி உண்டு. கருவாடு சுற்றி வந்த காகிதம், மருந்துச் சீசாவின் மேல் ஒட்டிய தாள், ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை பார்த்த மைத்துனர் கொண்டுவரும் பழைய பேப்பர்க் கட்டு, எதையும் விடமாட்டார். ஜப்பான்காரன் எந்த ஊரைப் பிடித்தான், தேனீக்கு எத்தனை கண், லண்டனில் பாதாள ரயில் எவ்வளவு ஆழத்தில் ஓடுகிறது, எதைக் கேட்டாலும் பதில் வரும். அரைமணி நேரத்தில் முழுப் பேப்பரையும் முடிப்பது அவருக்குப் பெருமை. கடைசிப் பக்கத்துக் கூந்தல் தைல விளம்பரத்தைப் படித்து முடிக்கவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தால், மேஸ்திரி அப்துல் கரீம் கை தட்டுவார். "மெயில் வண்டிகூட லேட்டாவும். நம்ம சாமி லேட்டாவ மாட்டான்!"

நான் சென்னையில் பி.ஏ. பரீட்சை எழுதிவிட்டு ஊருக்கு வந்தது 1932 பங்குனியில். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். வேலை கிடைக்கிறவரை சும்மாதானே இருக்கிறேன் என்று, காலையில் ஸ்டேஷனுக்குப் போய்ப் பேப்பர் வாங்கி வருவதை எடுத்துக்கொண்டேன். பெண்கள் எனக்குப் பேரே வைத்துவிட்டார்கள். "இன்னா பி.ஏ., இன்னிக்கு எவன் செத்தான்?" என்று கேட்டுச் சிரிப்பார்கள்.

ஒரு வியாழக்கிழமை அந்தக் கேள்விக்குப் பதில் பேப்பரில் இருந்தது.

ஆரோக்கியசாமி வழக்கம்போல ஓட்டமாய்ப் படித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் பக்கம் முடிந்து மூன்றாம் பக்கம் திரும்பி, சட்டசபை, தங்கம் விலை, சர்க்கஸ் கம்பெனி என்று போய்க்கொண்டிருந்தபோது, பட்டை இடிக்கிற எல்லம்மா எழுந்து நின்றாள். கையில் களி அப்படியே இருந்தது.

"ஆரோக்கியம்ணா, நெமிலின்னு இன்னாவோ சொன்னியே. அத்த மறுபடி படி."

"நெமிலியா? எப்ப சொன்னேன்?"

"இப்பதான் சொன்ன. வேலாயுதம்னு ஒரு பேரு வந்துச்சே."

அவர் பக்கத்தைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். சுண்ணாம்பு தின்ற விரல்களில் தாள் நழுவி மண்ணில் விழுந்தது. "இரும்மா, பாக்குறேன்."

"நீதானே படிச்ச?"

"நான்தான் படிச்சேன்."

"அப்ப இன்னா படிச்ச?"

"தெரியலம்மா," என்றார் ஆரோக்கியசாமி.

கடைசியில் வளையல் கடை விளம்பரத்துக்குக் கீழே இருந்தது. நாலே வரி. இராணிப்பேட்டைப் பக்கம் ஒரு கிடங்கில், நெமிலியைச் சேர்ந்த வேலாயுதம் என்ற தொழிலாளி திங்கட்கிழமை சுண்ணாம்புத் தொட்டியில் தவறி விழுந்து இறந்தார். எல்லம்மாவின் கூடப்பிறந்த தம்பி. தந்தி கொடுக்கத் தெரிந்தவர்கள் அந்த வீட்டில் இல்லை. எல்லம்மா கையைக்கூடக் கழுவாமல் ஸ்டேஷனைப் பார்த்து நடந்தாள். என் அம்மா பூவம்மாள் அவள் தூக்கை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

அடுத்த மூன்று நாள் ஆரோக்கியசாமி பேப்பரைத் தொடவில்லை. நாலாம் நாள் பிரித்தார். திருச்சிப் பக்கம் ஒரு கிராமத்தில் கிணறு வற்றிப்போய்ப் பெண்கள் மூன்று மைல் நடப்பதாக ஒரு சேதி. அதை நிதானமாகப் படித்தார். படித்துவிட்டுப் பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"அப்புறம்?" என்றது கூட்டம்.

"இன்னிக்கு அவ்ளோதான்."

மறுநாளும் ஒரே ஒரு சேதி, மறுபடி மௌனம். மூன்றாம் நாள் கூச்சல் கிளம்பியது. மயிர் வழிக்கிறவர்கள் சீட்டியடித்தார்கள். கரீம் பாய் இடுப்பில் கை வைத்து முன்னால் வந்து நின்றார்.

"இன்னா சாமி, பேப்பர் சுருங்கிப்போச்சா? வேல கம்மி, கூலி அதேவா?"

"பாய், தோல எதுக்கு மொதல்ல பழைய பட்டைத் தண்ணியில போடுற? எடுத்த எடுப்புல புதுப் பட்டைத் தண்ணியில போட்டா இன்னா ஆவும்?"

"மேல செவந்து இறுகிப்போவும். உள்ள பச்சையா நிக்கும். சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்."

"என் மண்டையும் அப்பிடித்தான் ஆயிப்போச்சு. இருவது வருஷமாப் படிக்கிறேன். எல்லம்மா தம்பி செத்தது என் வாயிலேர்ந்துதான் வந்துச்சு. என் காதுல விழல."

கரீம் பாய் இடுப்பிலிருந்து கையை எடுத்தார். "தோலு வேற, சேதி வேற," என்றார். "ஆளுங்க பேஜார் பண்றாங்க. சனிக்கிழமைக்குள்ள முழுசாப் படி. இல்லன்னா பூவம்மா புள்ள படிக்கட்டும். பி.ஏ. படிச்ச புள்ள சும்மாதான நிக்குது."

ஆரோக்கியசாமிக்கு அந்தக் கூடை போனால் கூலியும் நின்றுபோகலாம், வேறு வேலை கிடையாது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். சனிக்கிழமையும் அவர் ஒரே ஒரு சேதிதான் படித்தார்.

திங்கட்கிழமை நான் கூடையில் உட்கார்ந்தேன். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். பட்டை உரல் பக்கத்திலிருந்து அம்மா முந்தானையால் முகம் துடைத்துக்கொண்டு என்னைப் பெருமையோடு பார்த்த பார்வை, என்னைச் சொல்லவிடவில்லை. வெள்ளைக்காரப் பேர்களைத் தடுமாறாமல் உச்சரித்தேன். மணி அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போதே தைல விளம்பரத்தைத் தொட்டுவிட்டேன். கரீம் பாய் கை தட்டினார். ஆரோக்கியசாமி துடைப்பத்தை மரத்தில் சாத்திவிட்டு, ஆண்கள் வரிசையின் கடைசியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கோபமே இல்லை அவர் முகத்தில். இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

தம்பியின் காரியம் முடிந்து எல்லம்மா திரும்பி வந்தது அடுத்த வாரம். நான் பேப்பரைப் பிரித்தேன். அவள் என்னைத் தாண்டிப் போய் ஆரோக்கியசாமியின் முன்னால் நின்று, மடியிலிருந்து ஒரு கிழிந்த தாளை எடுத்தாள். அந்த வியாழக்கிழமைப் பேப்பர்தான். போகிற அவசரத்திலும் எடுத்துப் போயிருக்கிறாள்.

"படிண்ணா. அன்னிக்குச் சரியாக் கேக்கல."

"வேணாம்மா."

"நீ படிச்சாதான் எனக்கு ஆறும். படி."

நான் கூடையிலிருந்து எழுந்துகொண்டேன். அவர் அதில் உட்காராமல் நின்றபடியே படித்தார். நாலு வரி. ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தினார். முடிந்ததும் யாரும் "அப்புறம்?" என்று கேட்கவில்லை. களி காய்ந்துகொண்டிருந்தது.

முதலில் மயிர் வழிக்கிற ஒருவன் கேட்டான். "தொட்டி மேல நடக்கப் பலகை கெடந்துச்சாமா?"

"கெடந்துச்சாம்," என்றாள் எல்லம்மா. "ஒரு பலகை. ஈரத்துல வழுக்கிடுச்சாம்."

"நம்ம தொட்டிக்கும் ஒரு பலகைதான்."

"போன மாசம் நான் சறுக்குனேனே. இவன்தான் கையப் புடிச்சான்."

"பாய், நீ பாத்தியே அத்த?"

கரீம் பாய் பார்த்திருந்தார். தலையைக் குனிந்து தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். மணி அடித்தது. அன்றைக்கு அந்த ஒரு சேதி போதுமாக இருந்தது. இரண்டு நாள் கழித்து நான் பேப்பரோடு போனபோது, சுண்ணாம்புத் தொட்டிகளைச் சுற்றி மூங்கில் கட்டியிருந்தது. பலகைகள் இரட்டையாகியிருந்தன. முதலாளியிடம் என்ன சொல்லி வாங்கினார் என்று கரீம் பாய் யாரிடமும் சொல்லவில்லை. பேப்பரை என் கையிலிருந்து வாங்கி ஆரோக்கியசாமியிடம் கொடுத்தார்.

"இந்தா. ஒண்ணே ஒண்ணு படி. ஆனா நல்லதாப் பாத்துப் படி."

"எது நல்லதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும், பாய்?"

அதனால் ஒரு வழக்கம் உண்டாயிற்று. நாளுக்கு ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பேப்பரில் விரல் வைக்க வேண்டும். விரல் விழுந்த சேதியை ஆரோக்கியசாமி படிப்பார். கொஞ்ச நேரம் சும்மா இருப்பார்கள். அப்புறம் பேச்சு. தைல விளம்பரத்தில் விழுந்தால் அன்றைக்குத் தைலம்தான். வழுக்கைத் தலை வேலைக்காரர்களின் பாடு திண்டாட்டம்.

எனக்கு அந்த ஆடியில் சென்னையில் ஒரு ஆபீஸில் வேலை கிடைத்தது. ஆறு வருஷமாகிறது. லைப்ரரியில் வாரம் நாலு புத்தகம் எடுக்கிறேன். முடித்த புத்தகங்களின் பட்டியல் ஒரு நோட்டில் இருக்கிறது. அந்த நோட்டைப் பார்க்கும்போதெல்லாம் நான் யாரிடமும் சொல்லாத ஒன்று நினைவுக்கு வரும். அந்த வியாழக்கிழமைப் பேப்பரை ஸ்டேஷனிலிருந்து கிடங்கு வரை நடந்துகொண்டே ஒரு வரி விடாமல் முதலில் படித்தவன் நான்தான். வேலாயுதம் என்ற பேரும் என் கண்ணில் பட்டுத்தான் இருக்க வேண்டும். எல்லம்மா எழுந்து நின்றபோது, ஆரோக்கியசாமி தாளைப் புரட்டிப் புரட்டித் தேடியபோது, நானும் பக்கத்தில் நின்று தேடினேன். எனக்கும் தெரியவில்லை. அவர் அதைச் சொன்னார். நான் சொல்லவில்லை.

போன கிறிஸ்துமஸ் லீவில் கிடங்குக்குப் போயிருந்தேன். ஆரோக்கியசாமிக்கு நரை விழுந்திருந்தது. என்னைப் பார்த்ததும் நகர்ந்து கூடையில் இடம் விட்டார். "பி.ஏ. வந்துட்டான், இன்னிக்கு இவன் வெரலு வைக்கட்டும்" என்று பெண்கள் கத்தினார்கள். எல்லம்மா பின்னால் வந்து ஈரக் கையால் என் கண்ணைப் பொத்தினாள். ஆரோக்கியசாமியின் மடியில் பேப்பர் விரிந்து கிடந்தது. நான் விரலை நீட்டினேன்.