மூன்று கோல்ஃப் மைதானங்கள், ஒரே வரிசை

காலை ஐந்து ஐம்பதுக்குச் செம்பாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து வண்டி கிளம்பியது. வண்டி என்னுடையது. ஏழு பேர் உட்காரலாம். வாடகைக்கு விடுகிறேன். நாள் வாடகை நாலாயிரம், டிரைவர் படி முந்நூறு, டீசல் தனி. சவாரிக்கு விட்ட வண்டியில் நான் ஏறுவது வழக்கமில்லை. அன்றைக்கு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். போன காரியம் அப்படி.

எங்கள் மாடியில் குடியிருப்பவர் ராமநாதன் சார். பாங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய சினேகிதர் கிழக்குத் தாம்பரம் சாமுவேல் சார், கணக்கு வாத்தியாராக இருந்தவர். இருவரும் கோல்ஃப் ஆடுகிறவர்கள். இவர்களையும் சேர்த்துப் பதினாலு பேர் ஒரு கூட்டம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு மைதானத்தில் கூடி ஆடுவார்கள். இந்த வருஷம் மைதானங்களுக்கு வரிசை போட்டு, வரிசையில் இருக்கிற இடங்களுக்கு மட்டும் ஞாயிறுகளைப் பங்கிடுவது என்று முடிவெடுத்து, வரிசை போடும் பொறுப்பை இவர்கள் தலையில் கட்டிவிட்டார்கள். இரண்டு மாதமாக மாடியில் அதே சண்டை. “இங்கே கத்தினால் மைதானத்துக்குக் கேட்குமா? நேரில் போய்ப் பாருங்கள், வண்டி தருகிறேன்” என்று நான்தான் சொன்னேன்.

பார்க்க வேண்டியவை மூன்று. மூன்றாவதில் என் மருமகள் கலைவாணி, வீட்டில் கலா, சூப்பர்வைசர். இதை ஏறும்போதே சொல்லிவிட்டேன்.

“நான் வாயத் தொறக்க மாட்டேன் சார். நீங்க பாத்து நியாயமா போடுங்க.”

“நீங்க வாயத் தொறக்காம சாயங்காலம் வரைக்கும் இருந்துட்டா, அதுக்கே ஒரு மார்க் போடணும்மா” என்றார் சாமுவேல் சார். டிரைவர் பாபு சிரித்தான்.

சொல்லாமல் வைத்துக்கொண்டது ஒன்று உண்டு. அந்த இடத்தைக் குத்தகைக்கு எடுத்தவர், இவர்களுடைய ஞாயிறு ஆட்டம் வராவிட்டால் சித்திரையோடு மூடிவிட்டு, வலை கட்டிக் கிரிக்கெட்டுக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்போவதாகக் கலாவிடம் சொல்லியிருந்தார். மூடினால் அவளுக்கும் அவளிடம் வேலை பார்க்கிற ஆறு பெண்களுக்கும் வேலை போய்விடும். பரிதாபம் காட்டி மார்க் வாங்குகிற குடும்பம் இல்லை எங்களுடையது.

மேடவாக்கத்தைத் தாண்டிப் பெரும்பாக்கம் வந்தபோது விடிந்துவிட்டது. அடுக்குமாடிகளின் முன்னால் வேலைக்குப் போகும் பெண்கள் ஈரத் தலையோடு பஸ்ஸுக்கு நின்றார்கள். சோழிங்கநல்லூர் சிக்னலில் கால் மணி நேரம் நின்றோம். நடுவில் மெட்ரோ தூண்கள், இரண்டு பக்கமும் தகரத் தடுப்பு.

“இன்னா ரோடும்மா இது, ஒரே பேஜாரா கீது. நானும் பாக்கறேன், தோண்டிகினே கீறாங்க” என்றான் பாபு.

பின் சீட்டில் சண்டை தொடங்கியது.

“மொதல்ல புல்லு. அப்புறந்தான் மத்ததெல்லாம்” என்றார் ராமநாதன் சார்.

“புல்லுக்கு மார்க் போட்டா அது தண்ணி லாரிக்குப் போட்ட மார்க், மேனேஜர். காசு இருக்கறவன் வளக்கறான். கிரவுண்டு நம்மள யோசிக்க வைக்குதா, அதுக்குப் போடுங்க.”

“யோசிக்கணும்னா நான் வீட்ல உக்காந்து செஸ் ஆடுவேனே வாத்தியாரே. எதுக்கு இவ்ளோ தூரம் வரணும்?”

காலை ஆறே முக்கால். வீட்டிலிருந்து பத்தொன்பது கிலோமீட்டர். நாவலூரில் கம்பெனிக் கட்டடங்களுக்குப் பின்னால் திரும்பினால் முதல் மைதானம். வெளியாள் ஆட, தலைக்கு இரண்டாயிரத்து எண்ணூறு. டீ தொண்ணூறு ரூபாய். நான் குடிக்கவில்லை.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். தூரத்தில் ஒரு குழி, அதில் ஒரு கொடி. எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றுப் பெரிய பந்து. அதை மட்டையால் அடித்து அடித்துக் கொண்டுபோய்க் குழியில் போட வேண்டும். குறைவாக அடித்தவர் ஜெயித்தவர். குழியைச் சுற்றி மட்டும் புல்லை ஒட்ட வெட்டி, பட்டுப் பாய் மாதிரி வைத்திருப்பார்கள். அதற்குக் கிரீன் என்று பெயர். நாவலூர் கிரீனில் கால் வைக்கக் கூச்சமாக இருந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

“பரவால்லம்மா, போட்டுக்கினே வாங்க” என்றார் அங்கே வேலை செய்கிறவர்.

இரண்டு குழி ஆடினார்கள். ராமநாதன் சார் முகத்தில் அப்படி ஒரு களை. சாமுவேல் சார் கொட்டாவி விட்டார். “நேரா அடி, நேரா போ, குழில போடு. ஹைவே மாதிரி இருக்கு.”

“பாத்ரூம் எப்படிம்மா?” என்று என்னைக் கேட்டார்கள்.

“எங்க வீட்டுக் கூடத்தவிடச் சுத்தம்” என்றேன். உண்மையைச் சொல்லத்தானே வேண்டும்.

கேளம்பாக்கத்தில் பொங்கல் சாப்பிட்டோம். ஒரு பிளேட் அறுபது, வடை பதினைந்து. அங்கிருந்து தெற்கே ஆறு கிலோமீட்டர் போனால் ஏரிக்கரையை ஒட்டி இரண்டாவது மைதானம். மணி பத்து. கட்டணம் ஆயிரத்து இருநூறு. புல் பாதி வெயிலில் காய்ந்து கிடந்தது. ஆனால் அடிக்கிற இடத்துக்கும் குழிக்கும் நடுவில் ஏரித் தண்ணீர். பந்து அதைத் தாண்ட வேண்டும். சாமுவேல் சாரின் பந்து மூன்று முறை தண்ணீரில் விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் அவர் சந்தோஷப்பட்டார்.

“மூணு பந்தத் தொலைச்சிட்டு சிரிக்கற ஆளோட உக்காந்து நான் எப்படி மார்க் போடறது?” என்று பாபுவிடம் முறையிட்டார் ராமநாதன் சார்.

“கேக்காதீங்க சார். நான் அடிச்சா மட்டையே ஏரில போவும்” என்றான் அவன்.

மாம்பாக்கம் ரோட்டில் சாப்பாடு நூற்றுப்பத்து. ரசம் ஊற்றும்போதும் சண்டை நிற்கவில்லை. இன்றைக்கு மைதானம் இருக்கிற நிலைக்கு மார்க்கா, அதை வகுத்த விதத்துக்கு மார்க்கா? மழை இல்லாத மாதத்தில் காய்ந்தது மைதானத்தின் குற்றமா? கட்டணத்தைக் கணக்கில் சேர்க்கலாமா?

“கல்யாணத்துக்குப் போனா ஒருத்தர் பந்தலப் பாக்கறீங்க, ஒருத்தர் மாப்பிள்ளையப் பாக்கறீங்க. ரெண்டையும்தான் பாருங்களேன்” என்றேன்.

“வாயத் தொறந்துட்டீங்களே” என்றார் சாமுவேல் சார். ஆனாலும் அப்படியே செய்தார்கள். வசதிக்கும் புல்லுக்கும் பாதி, யோசிக்க வைப்பதற்குப் பாதி. மோர் வருவதற்குள் நாவலூர் முதல், ஏரிக்கரை இரண்டாவது என்று முடிவாகிவிட்டது.

மதியம் இரண்டேகால். கண்டிகைக்கு முன்னால் பிரிகிற மண் ரோட்டில் ஒன்றரை கிலோமீட்டர். கட்டணம் நூற்றைம்பது, டீ பன்னிரண்டு. இங்கே குழியைச் சுற்றிப் புல் கிடையாது. மணலில் எண்ணெய் கலந்து வட்டமாக இறுக்கியிருப்பார்கள். நிறத்தை வைத்து அதற்குப் பிரவுன் என்று பெயர். தண்ணீர் இல்லாத ஊர்களில் இப்படித்தான் ஆடுவார்களாம்.

ராமநாதன் சார் வண்டியை விட்டு இறங்கவில்லை. “மணல்ல ஆடறதுக்குப் பேரு கோல்ஃபா? இத வரிசைல சேக்கறதா வேணாமான்னு மொதல்ல பேசுங்க. மார்க் அப்புறம்.”

“வந்தது வந்துட்டோம், எறங்குங்க மேனேஜர்.”

இறங்கினோம். முதல் குழியருகே கலா நின்றுகொண்டிருந்தாள். தலை வாரிப் பூ வைத்து, யூனிஃபார்ம் சட்டையை மாட்டி, அடையாள அட்டையும் தொங்கவிட்டிருந்தாள். அவள் பின்னால் அந்த மணல் வட்டம் பச்சைப்பசேல் என்று கண்ணைப் பறித்தது. எந்தப் புல்லுக்கும் அப்படி ஒரு பச்சை கிடையாது.

ராமநாதன் சார் குனிந்து தொட்டார். விரல் பச்சையாகிவிட்டது.

“என்னம்மா இது?”

“கோலப்பொடி சார். தாம்பரம் மார்க்கெட்ல மூணு மூட்ட வாங்கிட்டு வந்து சலிச்சுப் போட்டோம். படத்துல பாத்தா எல்லா கிரவுண்டும் பச்சையாத்தான இருக்கு” என்றாள் கலா.

சாமுவேல் சார் பந்தைத் தட்டினார். அது நாலடி உருண்டு, மாவில் புரட்டின உருண்டை மாதிரி நின்றுவிட்டது. ராமநாதன் சாரின் வெள்ளை ஷூ கணுக்கால் வரை பச்சை. ஆறு பெண்களும் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் வண்டிக்கே போய் உட்கார்ந்துவிடலாமா என்று பார்த்தேன். போனால் மருமகளை விட்டுக்கொடுத்த மாதிரி ஆகும். நின்றேன்.

“ஒம்பது குழியும் இப்படியா?” என்று கேட்டார் ராமநாதன் சார்.

“இல்ல சார். கடைல பொடி தீந்துபோச்சு. இது ஒண்ணுதான்.”

“கடைக்காரன் காப்பாத்தினான்” என்றார் சாமுவேல் சார். கலாவும் சிரித்துவிட்டாள். அதன் பிறகுதான் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

இரண்டாவது குழியில் மணல் மணலாகவே இருந்தது. அங்கே ஒரு பழக்கம். ஆடி முடித்தவர் ஒரு சாக்கைக் கயிறு கட்டி இழுத்து, தன் கால் தடத்தையும் பந்தின் தடத்தையும் அழித்துவிட்டுப் போக வேண்டும். அடுத்து வருகிறவருக்குத் தரை புதிதாகக் கிடைக்கும். சாமுவேல் சார் இழுத்தார். ராமநாதன் சார் கயிற்றைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“ஆள் இல்லியா?”

“இருக்காங்க சார். ஆனா இங்க ஆடினவங்கதான் இழுப்பாங்க” என்றாள் கலா.

பாங்கு மேனேஜர் சாக்கு இழுப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். முதல் இரண்டு தடவை கோணலாக இழுத்தார். நாலாவது குழியில் நேராக வந்துவிட்டது. அங்கே அவர் தட்டிய பந்து குழியின் ஓரத்தில் உரசிக்கொண்டு போயிற்று. தரையைக் கூர்ந்து பார்த்தார்.

“மேடு இல்ல, பள்ளம் இல்ல, புல்லு சாஞ்சிருக்குன்னும் சொல்ல முடியாது. என்ன சாக்கு சொல்லப் போறீங்க?” என்றார் சாமுவேல் சார்.

“சாக்கு இழுத்துக் கையில எண்ணெய்” என்றார் அவர். அடுத்த குழியையும் ஆடலாம் என்று அவர்தான் சொன்னார். ஒன்பதும் ஆடினார்கள். மற்ற இரண்டு இடத்திலும் இரண்டிரண்டு குழிதான் ஆடியிருந்தார்கள்.

நாலரை மணிக்குப் புங்க மரத்தடியில் டீ வந்தது. ராமநாதன் சார் போனை எடுத்து வைத்துக்கொண்டார்.

“நான் ஒரு வழி சொல்றேன். மணல் கிரவுண்டுக்குத் தனியா ஒரு வரிசை. அதுல இதுக்கு மொத இடம். எனக்கும் மனசு நிறைவா இருக்கும்.”

எனக்குத் தலை நிமிர்ந்தது. என் மருமகளுக்கு முதல் இடம். “சாருக்கு நன்றி சொல்லு” என்றேன்.

கலா டம்ளரைக் கீழே வைத்தாள். “தனி வரிசைக்கு ஞாயித்துக்கெழம உண்டா சார்?”

“அது... மெயின் வரிசைக்குத்தான். இது ஒரு கௌரவம்மா.”

“அப்ப தனியா வேணாம் சார். இதே வரிசைல மூணாவதாப் போடுங்க.”

“மூணுல மூணாவதுன்னா கடைசிம்மா.”

“கடைசியா இருந்தாலும் பரவால்ல சார். ரேஷன் கடைல தனியாப் போயி நின்னா யாரு கூப்புடுவாங்க? வரிசைல நின்னாத்தான நகரும்.”

“கலா” என்றேன். பெரிய மனிதர் கொடுப்பதைத் திருப்பிக் கொடுக்கிறாளே என்று எனக்குக் கோபம். எங்கள் குடும்பத்தில் யாரும் கடைசி இடத்தைக் கேட்டு வாங்கினதில்லை.

“கொஞ்சம் இருங்க அத்த” என்றாள் என்னிடம். அவரைப் பார்த்துச் சொன்னாள்: “தனி வரிசைல மொதல்ல நின்னா அதோட முடிஞ்சுது சார். இந்த வரிசைல மூணாவதா நின்னா, அடுத்த வருசம் ரெண்டாவதோட சண்ட போடுவேன். எங்க பாத்ரூமுக்குத் தாழ்ப்பா இல்ல, அதுக்கு மார்க் கொறச்சுக்குங்க. நெழலு இல்ல, கொறச்சுக்குங்க. கோல்ஃபே இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க. ஒம்பது குழி ஆடிட்டீங்களே சார்.”

ராமநாதன் சார் தன் ஷூவைப் பார்த்தார், குழியில் நட்ட கொடியைப் பார்த்தார். பிறகு போனில் தட்டினார்.

“மூணு. கண்டிகை மணல்” என்று சத்தமாகப் படித்தார். “தாழ்ப்பாளுக்கு ரெண்டு மார்க் கொறச்சிருக்கேன்.”

“சரியாப் போச்சு சார்” என்றாள் கலா.

ஐந்து மணிக்குக் கிளம்பினோம். வண்டலூர் வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். செம்பாக்கத்தில் எங்கள் தெருவில் முதலில் மாடி கட்டியது நாங்கள், முதலில் வண்டி வாங்கியது நாங்கள். முன்னால் நிற்பதுதான் பெருமை என்று இருந்துவிட்டேன். எனக்குக் கடைசி இடத்தில் நின்று பழக்கமில்லை. ஆனால் அவள் கேட்டு வாங்கிய இடத்தில் அவளையும் சேர்த்து ஏழு பேருக்கு வேலை இருக்கிறது. நான் நன்றி சொல்லச் சொன்ன முதல் இடத்தில் ஒருவருக்கும் இல்லை. வரும்போது அவளிடம் சரியாகச் சொல்லிக்கொண்டுகூட வரவில்லை.

பெருங்களத்தூரில் நெரிசல். பின்னால் மறுபடி தொடங்கிவிட்டார்கள்.

“மொத ஞாயிறு நாவலூர்தான?”

“இல்ல மேனேஜர். பங்குனி வெயில் வந்தா அந்த மணல்ல கால் வைக்க முடியாது. மூணாவதுல ஆரம்பிப்போம். மாசிலயே அங்க ஆடிடுவோம்.”

ராமநாதன் சார் யோசித்தார். “நியாயந்தான். வர ஞாயிறே வெச்சுக்கலாம்.”

நான் போனை எடுத்துக் கலாவைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

“எத்தன பேருக்கு இட்லி சொல்லணும் அத்த?” என்றாள்.

திரும்பி ராமநாதன் சாரைக் கேட்டேன்.

“பதினாலு பேரு. எனக்கு வடையும் வேணும்னு சொல்லுங்க” என்றார்.