பேச்சைக் கேட்காத சைக்கிள்

கப்பல் சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் கிளியரிங் ஏஜென்ட் ஒருவர் தினமும் காலையில் துறைமுகச் சாலையில் தொப்பை குலுங்க சைக்கிள் ஓட்டுவார். அது ஃபிக்ஸட் வீல். சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், காலுக்கு ஓய்வே கிடையாது. எனக்கும் அப்படியொன்று வாங்க ஆசை. பிரேக் இல்லாத மாடல் ஒன்றின் படத்தை அவரிடம் காட்டினேன்.

"கண்டெய்னர் லாரிக்காரன் ஒன்னோட ஸ்டைலயா பாப்பான்? முன் பிரேக் உள்ளதா வாங்குலே. மொதல்ல என் வண்டிய ஓட்டிப் பாரு."

ஓட்டினேன். வேகம் பிடித்ததும் பழக்கதோஷத்தில் காலை நிறுத்தினேன். பெடல் நிற்காமல் என்னைத் தூக்கிச் சாலையோர உப்புக் குவியலில் எறிந்தது. ஓடி வந்தவர் முதலில் சைக்கிளைத்தான் தடவிப் பார்த்தார்.

"இத எதுக்கு அண்ணாச்சி ஓட்டுதிய?" என்றேன், சிராய்ப்பு எரிய.

"வீட்லயும் ஆபீஸ்லயும் எம் பேச்ச ஒருத்தரும் கேக்க மாட்டக்காவ."

"இதுவும் கேக்கலையே?"

"கேக்காதுதான். ஆனா கூட வருதுல்லா."

முன் பிரேக் உள்ளதையே வாங்கினேன். அவர் சொன்னதற்குச் சிரித்திருக்க வேண்டுமா என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.