மூன்று லென்சுக்கு ஒரே கண்ணாடி

லாத்தாவை நினைத்தால் எனக்கு முதலில் அவருடைய முகம் வருவதில்லை. கம்ப்யூட்டர் திரைக்கு நேராகக் கேமராவைத் தூக்கிப் பிடித்து, லென்சின் முனையில் மாட்டியிருக்கும் வட்டக் கண்ணாடியை இரண்டு விரலால் மெதுவாகத் திருகுகிற கைதான் வருகிறது. திருகத் திருக, கேமராவுக்குள் தெரியும் திரை மங்கும். இன்னும் கொஞ்சம் திருகினால் அடுப்புக்கரி மாதிரிக் கறுத்துவிடும். கறுத்தால் கண்ணாடி அசல். அதைப் பார்த்த பிறகு "ம்" என்பார். நான் வெளிவேலைக்குப் போய்விட்டு வந்தால், அந்த "ம்" விழும்வரை கடைக்குள் உட்காருவதில்லை. உட்காரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை; உட்காரத் தோன்றாது.

கடை சங்கரன்கோவிலில், தறிச் சத்தம் கேட்கிற ஒரு தெருவின் முனையில் இருந்தது. லாத்தாவுக்குப் பிறந்த ஊர் கடையநல்லூர். அந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவை லாத்தா என்பார்கள். கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அப்படியே கூப்பிட்டதால் நானும் கூப்பிட்டேன். கணவர் சவூதியில் வேலை பார்த்தார். கல்யாணத்தில் பெண்கள் பக்கம் படமெடுக்கப் பெண்தான் வேண்டும் என்று கேட்கிற குடும்பங்கள் இங்கே நிறைய, அதனால் லாத்தாவுக்கு வேலைக்குக் குறைவில்லை. குளக்கரை, மலையடிவாரம் என்று வெயிலில் நிற்கிற வேலைக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. அது நான். எட்டாம் வகுப்போடு நின்றவன். திருப்பூரில் பனியன் கம்பெனி, பாலக்காட்டில் கல்குவாரி, லாரியில் கிளீனர், பிறகு ஒரு வீடியோ கோஷ்டிக்கு லைட் பிடிக்கிற வேலை என்று ஊர் ஊராகப் போனதில் கேமராவும் கைக்கு வந்திருந்தது. ஒரு பையோடு வந்து இறங்கினேன். கடையின் பின்னறையில் படுத்துக்கொள்ளச் சொன்னார். பனியன் கம்பெனியில் தினமும் வாசலில் இடுப்பைத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். ஆகவே லாத்தா கண்ணாடியைச் சோதிப்பது எனக்கு அவமானமாகப் படவில்லை. சந்தேகப்படுகிற இடத்தில் சோறு ஒழுங்காகக் கிடைக்கும் என்பது என் அனுபவம். உன்னை நம்புகிறேன், நம்புகிறேன் என்று சொன்னவர்கள்தான் என்னைப் பட்டினி போட்டிருக்கிறார்கள்.

அந்தக் கண்ணாடிக்குப் போலரைசர் என்று பேர். உச்சி வெயிலில் தண்ணீர் மேலும் கார் கண்ணாடி மேலும் அடிக்கிற கூச்சத்தை அது எடுத்துவிடும். வெளிறிய வானத்துக்கு நீலம் கூடும். குளத்தில் எடுத்தால் தண்ணீருக்குள் கிடக்கிற கல் தெரியும். லாத்தாவிடம் மூன்று லென்ஸ் இருந்தன. மூன்றுக்கும் வாய் வேறு வேறு அளவு. போலரைசர் ஒன்றுதான். இருப்பதிலேயே பெரிய லென்சின் வாய்க்குச் சரியாக வாங்கியது. சின்ன லென்சுகளுக்கு, ஒரு பக்கம் சிறுத்து மறுபக்கம் அகன்ற ரிங் ஒன்றை இடையில் போட்டு அதையே மாட்டிக்கொள்வோம். "பெரிய வாய்க்கு வாங்கிட்டா சின்ன வாய்க்கு ரிங்கு போட்டுச் சமாளிச்சிரலாம். சின்ன வாய்க்கு வாங்கினா பெருசுல மூலையெல்லாம் இருட்டடிக்கும்" என்பார். சின்ன லென்சில் மாட்டும்போது பிள்ளை தலையில் பெரியவர் தொப்பியைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். கல்யாண வீட்டில் பார்த்துச் சிரிப்பார்கள். படம் கைக்கு வந்த பிறகு யாரும் சிரித்ததில்லை. ஒரே கண்ணாடி என்பதால் அது கை மாறிக்கொண்டே இருக்கும். இன்றைக்கு அவர் பையில், நாளைக்கு என் பையில். கை மாறுகிற பொருள் என்றாலே லாத்தாவுக்கு நிம்மதி போய்விடும்.

அதற்குக் காரணம் இருந்தது. எனக்கு முன்னால் அங்கே இளையரசனேந்தல்காரர் ஒருவர் வேலை பார்த்தார். அப்போது இருந்தது இதற்கு முந்திய போலரைசர், கணவர் வாங்கி வந்தது. அசல் என்றால் கம்ப்யூட்டர் திரைமுன் திருகும்போது கறுக்கும் என்று யாரோ சொல்ல, லாத்தா அதைக் கழற்றிக் கையில் பிடித்துத் திருகிப் பார்த்திருக்கிறார். கறுக்கவில்லை. கணவர் போலியை வாங்கியிருக்க மாட்டார். அதைத் தொட்ட இன்னொரு கை அந்த ஆளுடையதுதான். அசலை விற்றுவிட்டு அதே மாதிரி வெறும் கண்ணாடியை வைத்துவிட்டார் என்று முடிவு செய்து அன்றைக்கே அனுப்பிவிட்டார். அதோடு விடவில்லை. சுற்று வட்டார ஸ்டுடியோக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவர் படத்தைப் போட்டு, இவரை நம்பிப் பொருளைக் கொடுக்காதீர்கள் என்று எழுதினார். பிறகு அந்த மனிதருக்கு எங்கேயும் கேமரா கிடைக்கவில்லை. போலி என்று தீர்மானித்த கண்ணாடியைக் குப்பை வண்டியில் போட்டாயிற்று. புதிதாக வாங்கியபோது திருநெல்வேலிக் கடைக்காரர் அதை லாத்தாவின் கேமராவிலேயே மாட்டி, திரைமுன் திருகிக் காட்டினார். கறுத்தது. முன்னது போலிதான் என்பதற்கு லாத்தாவுக்கு அதற்குமேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. அன்றிலிருந்து கேமராவில் மாட்டியபடியே சோதிப்பது வழக்கமாயிற்று.

ஒரு தை மாதம் வாசுதேவநல்லூரில், புதிதாகக் கல்யாணமான ஜோடியைக் குளக்கரையில் படமெடுக்கப் போனேன். குளம் நிறைந்து கிடந்தது, பின்னால் மலை. லாத்தாவுக்கு அன்று கடையநல்லூரில் வேலை. பெரிய லென்ஸ் அவரோடு போய்விட்டது. சின்ன லென்ஸ், ரிங், போலரைசர் மூன்றும் என்னிடம். காற்றில் பறந்த கரைமண் ரிங்கின் மரையில் புகுந்திருக்க வேண்டும். வேலை முடிந்து கழற்றப் பார்த்தால் எதுவும் அசையவில்லை. வீடியோ எடுக்கச் சிவகிரியிலிருந்து வந்திருந்த அண்ணாச்சி கனத்த உடம்புக்காரர். "கொண்டா வே, அது கையா வாழத்தண்டா" என்று வாங்கி, ரப்பர் செருப்பின் அடியில் கண்ணாடியின் விளிம்பை அழுத்தித் திருகினார். போலரைசர் ரிங்கை விட்டுக் கழன்றது. ரிங் லென்சோடேயே நின்றுவிட்டது. கண்ணாடியைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

லாத்தா எனக்கு முன்பே திரும்பியிருந்தார். கைக்குட்டையிலிருந்து கண்ணாடி வெளியே வந்ததும் அவர் முகம் மாறியது.

"லென்சுல இருக்க வேண்டியது ஏன் துணியில வருது?"

ரிங் இறுகியதைச் சொன்னேன். அண்ணாச்சி செருப்பில் வைத்துத் திருகியதையும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"அடுத்தவன் கையில குடுத்தியா?"

"ஒரு நிமிசம்தான் லாத்தா. என் கண்ணு முன்னாலதான்."

மறுபடி மாட்டினால் மறுபடி இறுகிவிடும் என்று அவர் லென்சில் மாட்டவில்லை. கண்ணாடியின் விளிம்பில் அச்சடித்திருப்பது பழைய எழுத்துதானா என்று பார்க்க, எழுத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தார். அப்படியே பிடித்தபடி திரைமுன் தூக்கித் திருகினார். கறுக்கவில்லை. திரை லேசாக மஞ்சளடித்தது, பிறகு லேசாக நீலமடித்தது, அவ்வளவுதான். என்னிடம் கொடுத்தார். அவர் பிடித்த மாதிரியே நானும் பிடித்துத் திருகினேன். கறுக்கவில்லை.

"எழுத்தக்கூட அப்படியே அடிச்சிருக்கானுவ" என்றார். குரல் உயரவில்லை. "இத எடுத்துட்டுப் போ. என் கண்ணாடியோட வா. இல்லன்னா வராத. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பொறுக்கேன். அதுக்கப்புறம் குழுவுல போட்டுருவேன்."

ஊர் மாறுவது எனக்குப் பெரிய விஷயமல்ல. ஆனால் இதுவரை எல்லா ஊரையும் நானாகத்தான் விட்டு வந்திருக்கிறேன். திருடன் என்ற பேரோடு எங்கேயிருந்தும் போனதில்லை. கைக்குப் பிடித்த முதல் தொழில் கேமரா. படத்தோடு பேர் குழுவில் போய்விட்டால் அந்தப் பக்கத்தில் அது எனக்கில்லை. மறுநாள் காலை சிவகிரி பஸ்ஸில் உட்கார்ந்து முந்தைய நாளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். செருப்பைக் கழற்ற அண்ணாச்சி குனிந்தாரே, அப்போது மாற்றியிருப்பார். எதற்காக அவராகவே வந்து உதவ வேண்டும்? பஸ் பாதி வழி போவதற்குள் இன்னொரு யோசனை வந்தது. என்னை அனுப்பிவிட லாத்தாவே மாற்றி வைத்திருந்தால்? சந்தேகம் ஒட்டுவாரொட்டி. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என் பையைப் பார்த்ததுகூட எனக்குச் சரியாகப் படவில்லை.

அண்ணாச்சி தன் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை.

"அண்ணாச்சி, நேத்து என் கண்ணாடிய மாத்திட்டீங்க. திருப்பித் தாங்க."

"என்னவே சொல்லுத?" டீயைக் கீழே வைத்தார். "உன் கண்ணாடிய வித்து நான் என்ன பங்களாவா கட்டப்போறேன்? எங்க, அந்தக் கருமத்தக் கொண்டா."

வாங்கினார். எழுத்தை அவர் பார்க்கவே இல்லை. அதைச் சந்தேகப்பட அவருக்குக் காரணம் கிடையாது. லென்சில் மாட்டப் போகிற மாதிரி, எழுத்து வெளியே பார்க்கப் பிடித்து, மேசையிலிருந்த கம்ப்யூட்டரைப் பார்த்துத் திருகினார்.

"நல்லாக் கறுக்குல்லா. உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

பிடுங்கிப் பார்த்தேன். எனக்குக் கறுக்கவில்லை. அவர் வாங்கினார், கறுத்தது. நான் வாங்கினேன், கறுக்கவில்லை. கடைக்கு வந்திருந்த ஒருவர், "கைராசி அண்ணாச்சி" என்று சிரித்தார். அண்ணாச்சி சிரிக்கவில்லை.

"இரு வே. நீ எழுத்த உன் பக்கம் வச்சிப் பாக்க. நான் அந்தப் பக்கம் வச்சிப் பாக்கேன்." திருப்பினார், கறுக்கவில்லை. மறுபடி திருப்பினார், கறுத்தது. "ஏன்னு எனக்குத் தெரியாது. ஒரு பக்கம் பாத்தா கறுக்கு, மறுபக்கம் பாத்தா கறுக்கல. இத்தன வருசத்துல இத வெறுங்கையில மறுபக்கம் புடிச்சுப் பாக்க எனக்குத் தோணுனதே இல்ல."

கண்ணாடியை என் கையில் வைத்துவிட்டு, "களவாணின்னு சொன்னதுக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்துட்டுப் போ. இது ஆறிப் போச்சு" என்றார்.

மத்தியானமே திரும்பிவிட்டேன். லாத்தா திரைமுன் நின்று இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த "ம்" வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கண்ணாடியை மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். என்னைப் பற்றி அவர் அந்த நேரத்தில் நினைக்கவே இல்லை என்பது எனக்குக் கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது.

"முன்ன இருந்தவன் மாத்திட்டான்னு தூக்கிப் போட்டேனே, அந்தக் கண்ணாடியும் இப்படித்தானோ" என்றார். "அன்னைக்கு எழுத்து எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு ஞாபகம் இல்லியே தம்பி."

நினைவு இருந்தாலும் பிரயோஜனமில்லை. அந்தக் கண்ணாடி குப்பையோடு போய்விட்டது. எடுத்துத் திருப்பிப் பார்க்க இனி எதுவும் இல்லை. கடையைச் சாத்தும்போது சொன்னார்: "அல்லாவுக்குச் செஞ்ச தப்ப அல்லா மன்னிப்பான். ஒரு அடியானுக்குச் செஞ்ச தப்ப அந்த அடியான்தான் மன்னிக்கணும். அவன் மன்னிக்கலன்னா மறுமையில வந்து என் கழுத்தப் புடிப்பான்."

அந்த வாரமே இளையரசனேந்தலுக்குப் போனோம். துணைக்கு என்னைக் கூப்பிட்டார். அந்த மனிதர் ரோட்டோரத்தில் மக்காச்சோளத்தைக் காயப்போட்டு, ஒரு பலகையால் தள்ளிப் பரப்பிக்கொண்டிருந்தார். வெயிலில் கறுத்து, கன்னம் ஒட்டிப் போயிருந்தார். லாத்தா மன்னிப்புக் கேட்கத்தான் போனார். பஸ்ஸில் வரும்போது என்ன சொல்ல வேண்டும் என்று இரண்டு தடவை என்னிடம் சொல்லிப் பார்த்தார். எதிரில் போய் நின்றதும் வாயில் வந்தது வேறு.

"உண்மையச் சொல்லு. அந்தக் கண்ணாடிய நீ எடுத்தியா, எடுக்கலியா?"

அவர் பலகையை நிறுத்தவில்லை. "எடுத்தேன்னு சொன்னா உங்களுக்கு நிம்மதியா இருக்கும்னா, எடுத்தேன்னு வச்சுக்கிடுங்க லாத்தா."

"நான் உண்மையக் கேக்கேன்."

"அதத்தான் அன்னைக்கே சொன்னேன்லா. அன்னைக்கு ஒரு உண்மை, இன்னைக்கு ஒரு உண்மையா?" வீட்டுப் பக்கம் திரும்பி, "வெயில்ல வந்திருக்காங்க, மோர் கொண்டா" என்று குரல் கொடுத்தார். அதற்குப் பிறகு எங்களைப் பார்க்கவில்லை. மோரைக் குடித்துவிட்டு வந்தோம்.

திரும்பும்போது பஸ்ஸில், "நீ என்ன நெனைக்க?" என்று லாத்தா கேட்டார். எடுத்திருக்க மாட்டார் என்றேன். ஆனால் அந்த மோர் எனக்கு உறுத்திக்கொண்டேயிருந்தது. பேரைக் கெடுத்தவளுக்கு மோர் கொடுக்க யாருக்கு மனசு வரும்? செய்தவனுக்குத்தான் வருமோ? நான்கு நாளைக்கு முன்னால் அதே பழியோடு நின்றவன் நான். எனக்கே அப்படி ஓடியது. அவர்மேல் தவறில்லை என்று குழுவில் எழுதிவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன். "தெரியாதத எப்படி எழுதுவேன்?" என்றார்.

அதன் பிறகு என்னைச் சோதிக்கும்போது கண்ணாடியை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். மற்றபடி ஒன்றும் மாறவில்லை. அடுத்த மழைக்குள் நான் கிளம்பிவிட்டேன். சண்டை எதுவுமில்லை, ஓர் இடத்தில் அதற்குமேல் எனக்கு இருக்க வராது. இப்போது ஓசூரில் ஒரு கம்பெனிக்குப் பொருள்களைப் படமெடுத்துக் கொடுக்கிறேன். அங்கே யாரும் எதையும் சோதிப்பதில்லை. சுவரெல்லாம் கேமரா இருக்கிறது.

போன மாதம் லாத்தா போன் செய்தார். மக்காவுக்கு உம்ரா யாத்திரை போகிறாராம். போவதற்கு முன் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னிடமும் கேட்டார். அதெல்லாம் அப்போதே போயாச்சு லாத்தா என்றேன். போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன், வைக்கவில்லை.

"இளையரசனேந்தலுக்கு மறுபடியும் போனேன் தம்பி. இந்தத் தடவ ஒண்ணும் கேக்கல. என்ன மன்னிச்சிருன்னு மட்டும் சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"நான் எடுக்கலன்னு நீங்க நம்புதீங்கன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, மன்னிக்கேன்னான்."

"சொன்னீங்களா?"

"பொய் சொல்லிட்டு உம்ராவுக்குப் போக முடியுமா தம்பி?" என்றார் லாத்தா.