குவாரி மேட்டில் நான் அடுக்கிய கல்

இரண்டாயிரத்து நாலோ அஞ்சோ, வெயில் ஏறத் தொடங்கிய மாசம். பெருங்களத்தூரில் ஒரு வாடகை வீட்டில் நானும் என் ஐந்து வயது மகளும் மட்டும் இருந்தோம். என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் கட்டட வேலையில் இருந்தார். அதற்கு முன்பு எட்டு வருடம் எங்கள் ஏரியாவுக்குப் பின்னால் இருந்த கல்குவாரியில் பாறையில் வெடி வைக்கக் குழி போடும் வேலை. குவாரியை மூடிவிட்டதும், சொந்தமாக ஒரு வீடு கட்டிவிடலாம் என்றுதான் கிளம்பிப் போனார்.

இரண்டு வருடத்தில் வருவதாகப் பேச்சு. அந்த வெள்ளிக்கிழமை போனில், "லீவு தர மாட்டேன்றான்மா, இன்னும் ஒரு வருசம் ஆவும்" என்றார். நான் சரி என்று வைத்துவிட்டேன். மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

குவாரி மேட்டு உச்சியில் நின்றால் மீனம்பாக்கத்தில் பிளைட் இறங்குவது தெரியும் என்று அவர் அடிக்கடி சொல்வார். திங்கட்கிழமை மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டதும் என்ன தோன்றியதோ, அங்கே ஏறிப் பார்க்க வேண்டும் போல இருந்தது. நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள், தாம்பரம் மார்க்கெட்டுக்குத் தனியாகப் போகவே யோசிப்பேன். கேஸ் மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்த்துவிட்டுத்தான் போனேன்.

லாரி போன பழைய தடம் சுற்றிச் சுற்றி மேலே போயிற்று. இரண்டு பக்கமும் முள்ளு. பாம்பு இருக்குமோ, நாய் துரத்துமோ, குடிகாரன் எவனாவது உட்கார்ந்திருப்பானோ என்று ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று ஏறினேன். ஒரு பக்கம் கீழே குவாரிக் குழியில் பச்சையாகத் தண்ணீர் நின்றது.

உச்சிக்கு வந்தால், பாறை மேல் சின்னச் சின்னக் கற்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வரிசையாக வைத்திருந்தார்கள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. மலைக்கோயில்களில் சொந்த வீடு அமைய வேண்டிக்கொண்டு இப்படித்தானே அடுக்குவார்கள்? நானே இரண்டு கோயிலில் அடுக்கியிருக்கிறேன். இங்கேயும் ஏதோ சாமி இருக்கிறது போல என்று நினைத்தேன்.

நானும் அடுக்க வேண்டும். சுற்றிலும் உதிரிக் கல் ஒன்றுகூட இல்லை. அதனால் வரிசையில் இருந்த அடுக்குகளின் உச்சிக் கற்களில் ஐந்தை எடுத்துக்கொண்டேன். யாருடைய வேண்டுதலோ, மன்னிச்சுக்கோங்க என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, வரிசையைத் தாண்டிக் குழிப் பக்கமாக நாலடி முன்னால் போய், நல்ல சமமான இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். வீடெல்லாம் வேண்டாம், ஆள் வந்தால் போதும் என்று சொல்லிச் சொல்லி அடுக்கினேன்.

"ஏய்! யாரும்மா அது! எழுந்துக்காத! அப்டியே குந்திக்கினு இரு!"

ஆடு மேய்க்கிற ஒரு அக்கா எதிர் மேட்டிலிருந்து கத்திக்கொண்டே ஓடி வந்தார். வரிசைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார்.

"வயித்தால படுத்துக்கோ. படுத்துகினே பின்னாடி நவுந்து வா. கீய பூரா கல்லை எடுத்துட்டானுங்கோ, நீ குந்திகினு கீற இடம் வெறும் கூரை மாதிரி தொங்கிகினு கீது!"

மூன்றரை மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் பிள்ளை நிற்குமே என்பது ஒன்றுதான் நினைவில் இருந்தது. வயிற்றைத் தேய்த்துக்கொண்டு பின்னால் நகர்ந்தேன். அந்த அக்கா என் கணுக்காலைப் பிடித்து இழுத்த பிறகுதான் மூச்சு வந்தது.

"இது இன்னா கோயிலா? குவாரி ஆளுங்க மூடிட்டுப் போம்போது, இதுக்கு அப்பால போவாதனு வச்ச கல்லு. அதைப் போய் பேத்து எடுத்துகினியே! யாருக்கு வூடு கட்ற நீ?"

"வீடு இல்லக்கா... அவரு திரும்பி வரணும்னு" என்றேன்.

அவர் ஆடு ஓட்டுகிற கழியை நீட்டி, நான் அடுக்கியதைத் தட்டித் தட்டி ஒவ்வொரு கல்லாக இழுத்துக் கொடுத்தார். ஐந்தையும் அதனதன் இடத்தில் என்னையே வைக்கச் சொன்னார். "இங்கேர்ந்தே பாரு, நல்லாத் தெரியும்" என்று பக்கத்தில் நின்றார். ஒரு பிளைட் சின்னதாக மினுங்கிக்கொண்டு இறங்கியது. "இதுல இல்ல" என்றார் அந்த அக்கா. அழுதுகொண்டே சிரித்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவரிடம் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "கல்லைத் திரும்ப வெச்சுட்டியா?" என்று கேட்டார்.

"வெச்சுட்டேன்."

"அஞ்சும்?"

"அஞ்சும்."

"நாங்கதான் வெச்சோம். பசங்க குழித் தண்ணியில குளிக்க வருவானுங்கனு" என்றார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அதற்கப்புறமும் ஒன்றரை வருடம் கழித்துத்தான் வந்தார். கேஸுக்கும் நாய்க்கும் பாம்புக்கும் இன்றும் பயப்படுகிறவள்தான் நான். ஆனாலும் என் பயங்களையெல்லாம் நினைத்துப் பார்க்கும்போது, அவர் நினைப்பில் கொஞ்சமும் பயமில்லாமல் உட்கார்ந்திருந்த அந்த நாலடி இடம்தான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது.