நெவில் பொருத்திய பெட்டி

போர்ட் அகஸ்டாவில் நான் கல்லாவில் இருந்த கார் சாமான் கடையில், பின்பக்கப் பட்டறை நெவில் டிரெலோரின் பொறுப்பில் இருந்தது. ரயில்வே பட்டறையில் முப்பது வருடம் கழித்துவிட்டு எங்களிடம் வந்தவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் பொய் வராது. அதனால்தான் நடந்தது அவர் மனதை அப்படி அறுத்தது.

அந்த வருடம் எங்கள் கடையில் அதிகம் விற்றது 'பிக்கப் பெட்டி'. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. ஆக்சிலேட்டரிலிருந்து போகும் வயரைக் கழற்றி நடுவில் செருகினால் முடிந்தது வேலை, பத்து நிமிடம். நெவிலின் ரயில்வே சிநேகிதர் கொலின் ஷூல்ஸும் ஒன்று கேட்டு வந்தார். ஓய்வு பெற்றுவிட்டார், மனைவி வெண்டியோடு, படுத்துத் தூங்க வசதியுள்ள கேரவனை வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு புரூம் வரை போய் மேற்குக் கடலைப் பார்க்க வேண்டும் என்பது திட்டம்.

"என் வண்டிய மிதிச்சா, போலாமா வேணாமான்னு யோசிச்சுட்டுத்தான்டா கிளம்புது," என்றார் கொலின்.

"உன்ன மாதிரியே வளத்து வெச்சிருக்க," என்றார் நெவில்.

பெட்டியைப் பொருத்தி, கொலின் பாலம் வரை ஓட்டிவிட்டு வந்தார். கதவைத் திறக்கும்போதே சிரிப்பு.

"புது எஞ்சின் வெச்ச மாதிரி இருக்குடா நெவில். பறக்குது."

நெவில் எதையோ சொல்ல வாயெடுத்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மத்தியானம் கறி வைத்துச் சுட்ட 'பை' தின்னும்போது என்னிடம் சொன்னார்: "எஞ்சின்ல ஒண்ணும் மாறலம்மா. கால்வாசி மிதிச்சா, அரைவாசி மிதிச்சாங்கன்னு அந்தப் பெட்டி எஞ்சின்கிட்ட சொல்லுது. அவ்வளவுதான். காலைக் கொஞ்சம் அழுத்தினா பெட்டியே வேணாம். முழுசா மிதிச்சாச்சுன்னா அது இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்."

"இத அவர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"அவன் மூஞ்சிய நீ பாத்தியா?"

இரண்டு மாதம் கழித்து கொலின் பழைய கேரவனைக் கொடுத்துவிட்டுப் பெரியதொன்று வாங்கினார். குளியலறை, அடுப்பு, வெண்டிக்கு மடக்குத் தையல் மேஜை எல்லாம் உள்ளே. ஞாயிற்றுக்கிழமை எங்களை அழைத்துக் காட்டினார்கள். நெவில் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இவ்வளவு கனமானத உன் வண்டி இழுக்குமா?"

"நீதான் பெட்டி மாட்டி விட்டியே. அப்புறமென்ன?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வெண்டி ஒவ்வொரு இழுப்பறையாகத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். "பாத்து மெதுவா போங்க," என்று மட்டும் சொன்னார் நெவில்.

புரூமுக்கு முன்னால் ஒரு சின்னப் பயணம் போய்ப் பழகலாமென்று, செப்டம்பரில் ஹாரக்ஸ் கணவாய் வழியாகக் கிளம்பினார்கள். ஏற்றத்தில் முன்னால் வைக்கோல் லாரி ஒன்று ஊர்ந்தது. முந்துவதற்கென்று பாதை கொஞ்சதூரம் இரண்டாக விரிந்த இடத்தில் கொலின் வெளியே எடுத்தார். முதல் மிதியில் வண்டி துள்ளியது. லாரிக்குப் பக்கத்தில் வந்ததும், அதற்கு மேல் வேகம் ஏறவில்லை. கால் தரையைத் தொட்டுவிட்டது. பாதை குறுகியது. பயந்துபோய் பிரேக்கை அழுத்தினார். கேரவன் இடமும் வலமுமாக ஆடி, சாய்ந்து, வண்டியையும் தடுப்புக் கம்பியில் இழுத்து அடித்தது. கொலினுக்கு விலா எலும்பு ஒன்று முறிந்தது. வெண்டிக்கு இடுப்பும் வலது தொடையும்.

மறுநாள் நெவிலை ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். கொலின் படுக்கையில் சாய்ந்தபடி, "பெட்டி கெட்டுப்போச்சாடா? பாதியில கை விட்டுடுச்சு," என்றார்.

நெவில் உட்காரவில்லை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, என்னிடம் சொன்னதையே அவரிடமும் சொன்னார்.

கொலின் கேட்டார்: "மாட்டின அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

"அன்னிக்கே சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன்டா. உன்னையும் நாலு திட்டு திட்டிட்டு, பழைய கேரவன்லயே போயிருப்பேன்."

அவன் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன் என்று வண்டியில் திரும்பும்போது நெவில் சொன்னார்.

அதன்பின் பெட்டி கேட்டு வந்தவர்கள் எல்லோரையும் முதலில் நெடுஞ்சாலைக்கு அழைத்துப் போவார். "தரை வரைக்கும் மிதி. உன் எஞ்சின் இவ்வளவுதான். பெட்டி மாட்டினா கிளம்புறப்ப இருக்கிற மந்தம் போகும், அது நிஜம். பலம் ஒரு துளிகூட ஏறாது. இப்பவும் வேணுமா?" பாதிப் பேர் அப்போதும் வாங்கினார்கள், சிக்னலில் அந்தத் துள்ளல் பிடித்திருக்கிறதென்று. நெவில் மறுபேச்சில்லாமல் பொருத்திக் கொடுப்பார். முதலாளி முணுமுணுத்தார், நிறுத்தச் சொல்லவில்லை.

வெண்டி ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பித்தபோது, அடுத்த குளிர்காலத்தில், நெவில் அவர்கள் வீட்டுக்குப் போனார். தன் லீவையெல்லாம் சேர்த்து வைத்திருப்பதாகவும், இருவரையும் தானே மெல்ல ஓட்டி புரூமுக்குக் கூட்டிப்போவதாகவும் சொன்னார். கொலின் அவரை வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினார்.

"உன்மேல இப்பக் கோவம் இல்லடா. ஆனா அவ பஸ்ல ஏறினாக்கூட கண்ண மூடிக்கிறா. ரெண்டாயிரம் மைலுக்கு மேல எப்படிக் கூட்டிட்டுப் போவ?"

நெவில் எனக்கு இதைச் சொன்னது வெகுநாள் கழித்து. அந்த லீவில் எங்கே போனீர்கள் என்று கேட்டேன். எங்கும் போகவில்லையாம்.