அம்மா கேட்ட பாடம்

என் அம்மா பிள்ளை வளர்க்கப் பாடம் கேட்கத் தொடங்கியபோது எனக்கு ஒன்பது வயது. அதுவரை என்னை எப்படி வளர்த்தாள் என்று யாரும் விசாரித்ததில்லை.

அறுபதுகளின் நடுவில் அது. எனக்குப் பின் குழந்தை தங்காததால், அநாதை விடுதியிலிருந்து ஆறு வயதுப் பெண் ஒருத்தியை வளர்க்க அழைத்து வந்திருந்தார்கள். கோபம் வந்தால் கடிப்பாள், பாத்திரங்களை வீசுவாள். ஏற்கெனவே இரண்டு வீடுகள் அவளைத் திருப்பி அனுப்பியிருந்தன. எங்களுக்கு ஒரு மாதம் கெடு. சனிக்கிழமைதோறும் விடுதி டீச்சர் செஞ்சிக்கு பஸ்ஸில் வந்து அம்மாவுக்குப் பாடம் நடத்துவார். மாதக் கடைசியில் அம்மா முடியாது என்றால் அவளைக் கூட்டிப் போய்விடுவார்.

பாடங்கள் விநோதமாக இருந்தன. தினமும் கொஞ்ச நேரம் அவள் சொல்லும் விளையாட்டையே அம்மா விளையாட வேண்டும். அவள் வீசினால் திட்டவோ அடிக்கவோ கூடாது. முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். வீசியதில் ஒன்றை எடுத்து வைத்தால் உடனே திரும்பிப் பாராட்ட வேண்டும். வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான் என்பதால், அம்மா மறந்ததை நினைவுபடுத்தும் உத்தியோகம் எனக்கு.

ஒருநாள் தட்டுகள் பறக்க, அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையை மூட்டைகட்டிச் சந்தைக்கு ஏற்றிப்போன நைனா அப்போதுதான் உள்ளே வந்தார். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பினால் அது நைனா மேல் உள்ள கோபம் என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

"இன்னாடி, யார் சொன்னது உனுக்கு? ஒரே ஒரு சினிமாதான் பாத்தேன். அவலூர்பேட்டை சந்தைக்கும் போனேன், சத்தியமா!"

அம்மாவின் தோள் குலுங்கியது. கையில் தட்டோடு நின்ற அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாள். அதன் பிறகு ஒரு வாரம் எந்தப் பாத்திரமும் விழவில்லை.

கடைசிச் சனிக்கிழமை. தெருமுனையில் டீச்சரைப் பார்த்ததும் அவள் உள்ளே ஓடி, அடுக்கிலிருந்த அத்தனையையும் இழுத்துத் தள்ளினாள். தடுக்கப்போன அம்மாவின் மணிக்கட்டைக் கடித்தாள். போக ஆசைப்படுகிறாள் என்று நானே முடிவுசெய்து, அவளுடைய தகரப் பெட்டியைத் தூக்கிவந்து வாசலில் வைத்தேன்.

பெட்டியைக் கண்டதும் சத்தம் நின்றது. மூச்சுக்கூட விடாமல் ஒவ்வொரு பாத்திரமாகப் பொறுக்கி அடுக்க ஆரம்பித்தாள்.

டீச்சர் அம்மாவின் கையைப் பார்த்தார். "கூட்டிட்டுப் போவட்டுமா?"

"எதுக்கும்மா? ரெண்டு சொம்பு நெளிஞ்சதுக்கா?" என்றாள் அம்மா.

டீச்சர் போனதும் நான் பெருமையாகச் சொன்னேன்: "இனிமே கத்துனா பெட்டிய எடுத்துக் காட்டும்மா. கப்புனு அடங்கிடுவா."

ஒரு மாதமாக யாரையும் அடிக்காத கை என் முதுகில் இறங்கியது. பிறகு அம்மா பெட்டியைத் திறந்து, அவள் துணிகளை எடுத்து என் துணிகளோடு கொடியில் போட்டாள். காலிப் பெட்டியில் விதைக்கு வைத்திருந்த மல்லாட்டையைக் கொட்டி மூடினாள்.

முதுகைத் தடவிக்கொண்டே பார்த்தேன். இத்தனை நல்ல பெட்டியை இப்படிப் பாழாக்குகிறாளே என்பதுதான் அன்றைக்கு எனக்கு இருந்த கவலை.